பார்ப்பவர் மன்னிப்பும் பட்டவர் மன்னிப்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரிய திருமொழியை முதலிலிருந்து அநுஸந்தித்து வருவோர்க்கு ஓரிடத்தில் ஐயம் எழுவது இயல்பு. முதல் பதிகத்திலேயே திருமங்கையாழ்வார் தம் வீண்போன நாள்களையும் களவு வாழ்க்கையையும் சொல்லி, நாராயண நாமத்தைக் கண்டுகொண்ட பேருவகையையும் சொல்லி நிறுத்துகிறார். கணக்கு அங்கே தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் நைமிசாரணியத்தைப் பாடும் ஆறாம் திருமொழியில் பழைய குற்றங்கள் மறுபடியும் வரிசையாக வருகின்றன. திருவேங்கடத்தைப் பாடும் ஒன்பதாம் திருமொழியில் இன்னுமொரு முறை வருகின்றன. காரணம் ஏதுமின்றி உயிர்களைக் கொன்றதையும், இரந்து வந்தவரிடம் இனிய சொல் ஒன்றும் சொல்லாமல் அனுப்பியதையும் எம்பெருமான் திருமுன்பே எடுத்துரைக்கிறார். திருவெட்டெழுத்தை எம்பெருமானிடமே நேரே பெற்ற ஒருவர், பாவம் தீர்ந்ததில் ஐயத்துக்கே இடமில்லாத ஒருவர், பழைய ஏட்டை ஏன் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டும்?

இவ்வினாவை நாம் இங்கே ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முன்னிட்டு ஆராயப் புகுகிறோம். வாசகர்களில் சிலர் திகைக்கக்கூடும். ஆயினும் இவ்விதழைப் படிப்போரில் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் பல; அவ்வில்லங்களில் வளரும் பிள்ளைகள் பாவம், மன்னிப்பு, திருந்துதல் என்பவற்றைக் காலக்ஷேபத்தில் கேட்பதற்கு முன்னரே இத்தகைய தொடர்களில் கேட்டுவிடுகிறார்கள். அங்கே அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நாமும் அறிந்திருப்பது நன்று.

தொடரின் பெயர் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்'. ஏபிசி தொலைக்காட்சியில் 2011 அக்டோபர் முதல் 2018 மே வரை ஏழு பருவங்கள், 155 பகுதிகளாக ஒளிபரப்பானது. எட்வர்ட் கிட்ஸிஸ், ஆடம் ஹொரொவிட்ஸ் என்னும் இருவரின் படைப்பு. மேலைநாட்டுக் குழந்தைக் கதைகளில் வரும் பாத்திரங்கள் எல்லாரும் ஒரு சாபத்தால் தம் நினைவை இழந்து, மெயின் மாநிலத்தில் ஸ்டோரிப்ரூக் என்னும் கற்பனை ஊரில் சாதாரண மனிதராக வாழ்கிறார்கள். 28 ஆண்டுகள் அங்கே காலம் நகரவில்லை. சாபமிட்டவள் ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயாகிய தீய அரசி. அவள் பெயர் ரெஜீனா. நடித்தவர் லானா பரில்லா.

ரெஜீனாவின் பாவங்கள் சிறியவை அல்ல. கணவனாகிய அரசனை வஞ்சகத்தால் கொல்விக்கிறாள். ஸ்னோ ஒயிட்டைப் பிடித்துத் தராத ஊர்களை அழிக்கிறாள். சாபத்துக்குத் தான் மிகவும் நேசிக்கும் ஒருவரின் இதயம் தேவை என்றபோது, தன்னைக் கடைசிவரை கைவிடாத தந்தையின் மார்பிலிருந்தே அதைப் பறிக்கிறாள். இவ்வளவுக்கும் தொடக்கம் ஓர் இழப்பு. இளமையில் அவள் காதலித்த குதிரைக்காரனை அவளுடைய தாய் கோரா கொன்றாள். காதலைத் தாயிடம் வெளிப்படுத்தியவள் சிறுமியாயிருந்த ஸ்னோ ஒயிட், நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அந்தச் சிறுமியை மதம்கொண்டு ஓடிய குதிரையிலிருந்து காப்பாற்றியவளே ரெஜீனா என்பது கதையின் கசப்பான முரண்.

இத்தகையவள் ஏழு பருவங்களில் மெல்ல மெல்லத் திருந்துகிறாள். பார்வையாளர் வெறுத்தவள், பார்வையாளரால் அதிகம் விரும்பப்பட்டவள் ஆகிறாள். இதில் வியப்பில்லை. வாரந்தோறும் நம் கூடத்துக்கு வருபவர் எவராயினும் காலப்போக்கில் வீட்டு மனிதர் ஆகிவிடுகிறார். 1987இல் ராமானந்த ஸாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் வந்தபோது இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியை நாடு எவ்வளவு நேசித்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 1991 தேர்தலில் குஜராத்தின் சபர்காண்டா தொகுதி மக்கள் அவரை மக்களவைக்கே அனுப்பினார்கள். சீதையாக நடித்த தீபிகாவும் அதே தேர்தலில் வடோதராவில் வென்று அதே அவைக்குச் சென்றார். திரையில் பத்துத் தலையோடு நின்றவரும் அசோகவனத்தில் அழுதவரும் ஒரே கட்சி வரிசையில் அமர்ந்தார்கள்!

அது நடிகரைப் பற்றியது, அதில் தவறில்லை. பாத்திரத்தை மன்னிப்பது வேறு செய்தி. ரெஜீனாவை மன்னிக்கும் பார்வையாளர் எவருக்கும் அவளால் ஒரு தீங்கும் நேரவில்லை. நம் ஊரை அவள் எரிக்கவில்லை. நம் தந்தையை அவள் கொல்லவில்லை. அவள் கண்ணீரை அண்மைக் காட்சியில் பார்த்தோம், மனம் இளகிற்று, மன்னித்தோம். செலவில்லாத மன்னிப்பு இது.

நாம் பணியாற்றிய வங்கித் துறையில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. வாராக்கடனை வங்கி தன் ஏட்டிலிருந்து நீக்கிவைக்கும். ஐந்தொகை தூய்மையாகத் தோன்றும். ஆனால் கடன்பட்டவரின் பொறுப்பு அதனால் ஓர் உருபாயும் குறைவதில்லை. வசூல் நடவடிக்கை தொடரும். கடனையே விட்டுக்கொடுப்பது முற்றிலும் வேறான செயல். அதற்கு உரியவர் கடன் கொடுத்தவர். செய்தித்தாள்கள் இரண்டையும் 'தள்ளுபடி' என்று ஒரே சொல்லால் எழுதுவதால் நாட்டில் குழப்பம் ஓய்வதில்லை. பார்வையாளர் மன்னிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. நம் மனத்தின் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டோம், அவ்வளவே. பட்டவர் கணக்கில் அது அப்படியே நிற்கிறது.

நம் ஸம்பிரதாயம் இவ்வேறுபாட்டில் மிகக் கறாரானது. பாகவத அபசாரத்தை எம்பெருமானே பொறுப்பதில்லை என்று பூர்வாசார்யர்கள் அறுதியிட்டிருக்கிறார்கள். ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் துர்வாஸர் சரித்திரத்தைப் பாருங்கள். அம்பரீஷனுக்குத் தீங்கு இழைக்கப் புகுந்து, திருவாழியால் துரத்தப்பட்டு, பிரமனிடமும் சிவனிடமும் ஓடி, கடைசியில் திருமாலின் திருவடியில் விழுகிறார். ஸர்வசக்தன் அங்கே என்ன செய்தான்? தான் அடியார்க்கு வசப்பட்டவன் என்று சொல்லி, அம்பரீஷனிடமே போகச் சொல்லி அனுப்பிவிட்டான். மன்னிப்பு வைகுண்டத்தில் இல்லை. தீங்குக்கு ஆளானவன் வீட்டு வாசலில் இருந்தது. அம்பரீஷனோ துர்வாஸர் திரும்பும்வரை ஓராண்டு உண்ணாமல் காத்திருந்தான். முனிவர் தன் காலைப் பிடித்ததற்குத் தானே கூசினான்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு ரெஜீனாவின் கதையைப் பார்க்கும்போது, தொடரின் மேன்மையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

திருந்துதல் எங்கே தொடங்குகிறது? காதலில் அன்று. அவள் வளர்ப்பு மகன் ஹென்றியிடம் தொடங்குகிறது. கொன்ற தந்தையின் பெயரையே அக்குழந்தைக்கு இட்டிருக்கிறாள். சொல்லாமல் சொல்லும் குற்ற உணர்வு அது. பத்து வயதில் அவன் அவளைத் தீய அரசி என்று கண்டுகொண்டு விலகுகிறான். அவனைத் திரும்பப் பெறவேண்டும் என்பதற்காக முதலில் நல்லவள்போல் நடக்க முயல்கிறாள், பிறகு வழுக்கி விழுகிறாள், மறுபடி முயல்கிறாள். நல்லவள் ஆகவேண்டும் என்ற விருப்பம் அப்போது அவளிடம் இல்லை. வெறுக்கும் வேலைக்கு நேரம் குறைந்தது, அவ்வளவே. நம் பெரியோர்கள் ஆத்மா எம்பெருமானை நோக்கித் திரும்பும் படிகளைச் சொல்லும்போது, ஈச்வர ஸௌஹார்தம் முதலியவற்றுக்குப் பின் அத்வேஷம் என்று ஒரு படியைச் சொல்லி, அதன் பின்னரே ஆபிமுக்யத்தை வைத்தார்கள். பகை நீங்குவது ஒன்று. முகம் திரும்புவது அதற்கு அடுத்தது. பகைமை ஓய்ந்தவனிடம் பக்தி இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் அவனை விமுகன் என்றும் சொல்ல முடியாது. இந்த இடைநிலையைப் பெயரிட்டு மதித்த நுட்பம் வியக்கத்தக்கது. ரெஜீனா இரண்டு பருவங்கள் முழுதும் இந்தப் படியில் நிற்கிறாள். தொடரில் நமக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

எதிர்பாராத காதல் மூன்றாம் பருவத்தில் வருகிறது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. அவள் இளம் அரசியாயிருந்து துயருற்ற காலத்தில், டிங்கர் பெல் என்னும் தேவதை மந்திரப் பொடியைத் தூவி, அவளுக்கு உரிய துணைவனைக் காட்டுகிறாள். ஒரு மதுக்கூடத்தில் அவன் முதுகு காட்டி அமர்ந்திருக்கிறான். முன்கையில் சிங்கப் பச்சை. ரெஜீனா கதவருகே சென்று நிற்கிறாள். உள்ளே நுழையாமல் ஓடிவிடுகிறாள். கோபம் ஒன்றே அவளுடைய உடைமை. அதையும் விட்டால் தான் யார் என்ற அச்சம். நெடுங்காலம் கழித்து ஒரு கள்வனோடு பழக்கம் ஏற்படுகிறது. ஒருநாள் அவன் முன்கையில் அதே சிங்கத்தைக் காண்கிறாள். அப்போதும் அவள் செய்த முதற்காரியம் ஓடியதுதான். அவன் வேறு யாருமில்லை, செல்வரிடம் கவர்ந்து ஏழைக்குக் கொடுத்த ராபின் ஹூட்.

இவ்விடத்தில் ஸ்ரீவைஷ்ணவர் எவர்க்கும் திருவாலித் திருநகரி நினைவுக்கு வராமல் இராது. சோழனுக்குப் படைத்தலைவராயிருந்த நீலர், திருவெள்ளக்குளத்தில் வளர்ந்த குமுதவல்லியை விரும்பினார். அவள் இட்ட நிபந்தனை, பஞ்சஸம்ஸ்காரம் பெற்று ஓராண்டு நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்க்குத் ததீயாராதனம் செய்தல். செல்வம் கரைந்தது, அரசனுக்குச் செலுத்த வேண்டிய திறையும் கரைந்தது, பிறகு வழிப்பறி. மணக்கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்து, கழலாத திருவடி ஆபரணத்தைப் பல்லால் கடித்து வாங்கி, கட்டிய மூட்டையைத் தூக்க முடியாமல் மந்திரம் கேட்டு நின்றபோது, கேட்ட மந்திரம் செவியில் விழுந்தது. குமுதவல்லியின் மேல் கொண்ட காதல் அவரைக் களவிலிருந்து மீட்கவில்லை, களவுக்குள் செலுத்தியது. இதைக் குருபரம்பரை மறைக்காமல் சொல்கிறது. ஆனால் அதே காதல்தான் அவரை அடியார் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் செய்த களவும் அவர்களுடைய இலைக்காகவே.

காதல் பாவியைத் தூய்மையாக்கும் என்பது கதைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. நாம் அப்படிக் கருதவில்லை. காதல் ஒருவனை இருக்குமிடத்திலிருந்து அசைக்கும். எங்கே கொண்டு சேர்க்கும் என்பது வேறொருவன் கையில் இருக்கிறது. உறையூர் மல்லர் வில்லிதாஸர் பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் குடைபிடித்து ஸ்ரீரங்கத்து வீதியில் நடந்தார். எம்பெருமானார் அந்த மயக்கத்தை இகழவில்லை. அதைவிட அழகிய கண்களைப் பெரியபெருமாளிடம் காட்டினார். காதல் அழியவில்லை, இருவரும் சேர்ந்தே உடையவர் திருவடியை ஆச்ரயித்து, தம்பதிகளாகவே திருவரங்கத்தில் வாழ்ந்தார்கள். காவிரியில் நீராடித் திரும்பும்போது உடையவர் பற்றிக்கொண்டது அந்த மல்லருடைய கையைத்தான்.

தொடருக்கு வருவோம். ராபின் ரெஜீனாவைத் திருத்தவில்லை. அவள் முன்னமே திரும்பத் தொடங்கியிருந்தாள். அவள் யார் என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்தே பழகுகிறான். அவன் பங்கு அதுதான், அது பெரிது. ஒரு கட்டத்தில் அவள் தன் இதயத்தையே, அத்தொடரில் இதயத்தை உண்மையாகவே கையில் எடுத்துக் கொடுக்கலாம், அவனிடம் பாதுகாக்கக் கொடுக்கிறாள். கள்வனிடம் அடைக்கலப் பொருள்! அது பறிபோகிறது, தன் சிறு மகனுடைய உயிருக்கு அச்சுறுத்தல் வந்தபோது அவன் அதை விட்டுவிட நேர்கிறது. அவள் சினக்கவில்லை. பழைய ரெஜீனா ஊரையே எரித்திருப்பாள்.

2014 மே மாதம் மூன்றாம் பருவம் முடியும்போது நிகழ்வதே இக்கதையின் உயிர் என்பது நம் எண்ணம். காலத்தில் பின்னோக்கிச் சென்ற எம்மா, தீய அரசியின் சிறையில் மறுநாள் கொல்லப்பட இருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றி, நிகழ்காலத்துக்கு அழைத்து வருகிறாள். அப்பெண் மேரியன், ராபினின் மனைவி. ரெஜீனா தன் கையால் கொல்விக்க இருந்தவள், ரெஜீனாவின் காதலன் எதிரே உயிரோடு நிற்கிறாள். பாவத்தை ஆயிரம் முறை சொற்களால் ஒப்புக்கொள்ளலாம். அது கையும் காலும் முகமுமாக உள்ளே நுழைந்து, உனக்குக் கிடைத்த இன்பம் என்னுடையது என்று நிற்கும்போது என்ன செய்வது? நான்காம் பருவத்தில் ரெஜீனாவின் மனம் முதலில் பழைய வழியில்தான் பாய்கிறது. மேரியனை ஒழித்துவிடலாமா என்று எண்ணுகிறாள். பிறகு செய்யவில்லை. மேரியன் உறைபனிச் சாபத்தால் சாகக் கிடந்தபோது அவள் உயிர் போகாமல் காக்கிறாள். ஊர் எல்லையைத் தாண்டினால்தான் மேரியன் பிழைப்பாள், தாண்டியவர் திரும்ப முடியாது என்றபோது, அவளோடும் மகனோடும் போய்விடும்படி ராபினை அவளே அனுப்பிவைக்கிறாள். வந்தவள் உண்மையில் மேரியன் அல்லள், ரெஜீனாவின் தமக்கை ஸெலீனா கொண்ட மாற்றுரு என்று கதை பின்னர் ஒரு திருப்பத்தை வைக்கிறது. கதாசிரியர்கள் அங்கே சற்றுத் தப்பித்துக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். ஆனால் விட்டுக்கொடுத்தபோது ரெஜீனாவுக்கு அது தெரியாது. ஆகவே அந்தச் செயல் குறைவின்றி நிற்கிறது.

பெற்றபோது எவரும் நல்லவர். பொன்னாச்சியார் உறங்குவதுபோல் கிடந்த இரவில், உடையவர் அனுப்பிய சீடர்கள் ஒருபக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். மறுபக்கத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் புரண்டு படுத்தார். அவர்கள் அஞ்சி ஓடினார்கள். வில்லிதாஸர் அதைக் கேட்டு வருந்தியது, நகை போனதற்காக அன்று. என்னுடையது, நான் கொடுக்கிறேன் என்ற எண்ணத்தோடு அவர் அசைந்தாரே என்பதற்காக. ஒரு காலத்தில் வாளும் கையுமாய் இருந்தவர் திருந்தியதை நமக்குக் காட்டுவது அந்த இரவு.

மேரியன் வந்தபின் ரெஜீனா வேறொரு வழியிலும் அலைகிறாள். வில்லிகளுக்கு இன்ப முடிவு இல்லை என்று யாரோ ஓர் ஆசிரியன் கதைப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறான். அவனைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதச் சொல்லவேண்டும் என்று தேடுகிறாள். நம் வீடுகளில் 'அவன் எழுதிய எழுத்து' என்று சொல்லும் அதே குறைதான். எம்பெருமானுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் உண்டோ என்னும் கேள்வியைப் பிரஹ்மஸூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் எழுப்பி, அவரவர் கர்மத்தை நோக்கியே அவன் பலன் தருகிறான் என்று விடை சொல்கிறது. ஸ்ரீபாஷ்யகாரர் அதை விரித்தருளினார். ரெஜீனா ஆசிரியனைக் கண்டும் பிடிக்கிறாள்; அவன் எழுதித் தரவும் அணியமாயிருக்கிறான். அப்போது அவளே வேண்டாம் என்கிறாள். தன் இன்பத்தை மறித்து நின்றது தானே என்பது அவளுக்கு அதற்குள் விளங்கிவிடுகிறது. விரிவுரை தேவைப்படாத காட்சி.

இனி, பட்டவர்கள். அவர்களுள் முதல்வி ஸ்னோ ஒயிட். தந்தையை இழந்தவள், நாட்டை இழந்தவள், பெற்ற மகளை 28 ஆண்டு பிரிந்தவள். அவள் ரெஜீனாவை மன்னிப்பது ஒரே நாளில் நிகழவில்லை. இடையில் அவளே ஒரு பாவமும் செய்கிறாள். ரெஜீனாவின் தாய் கோரா மடியும்படி வஞ்சகம் செய்கிறாள். அதுவும் ரெஜீனாவின் கையாலேயே நடக்கும்படி. அதன்பின் அவள் இதயத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்திருப்பதை ரெஜீனா எடுத்துக் காட்டுகிறாள். பால்போல் வெண்மையான பெயர் உடையவளுக்கே அந்தப் புள்ளி! அதற்குப் பின் அவள் காட்டும் பொறுமைக்கு ஓர் எடை வந்துவிடுகிறது.

யுத்த காண்டத்தில் இராவணன் மாண்டபின் திருவடி அசோகவனத்துக்கு வந்து, பத்து மாதம் பிராட்டியை வருத்திய அரக்கியரைக் கொல்ல அநுமதி கேட்கிறார். பிராட்டி மறுக்கிறாள். குற்றம் செய்யாதவர் யார் என்பது அவள் திருவாக்கின் கருத்து. இவ்விடத்தை நம் ஆசார்யர்கள் எவ்வளவு அநுபவித்திருக்கிறார்கள்! சரணம் என்று வந்த விபீஷணனையும் காகாசுரனையும் பெருமாள் காத்தார்; அப்போதும் குற்றத்தின் ஈரம் காயாத அரக்கியரை, அவர்கள் கேட்காமலே திருவடியிடமிருந்து காத்தவள் பிராட்டி; அதனால் பெருமாள் கோஷ்டியே எளிதாயிற்று என்று பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் அருளிச்செய்தார். நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. அவ்விடத்தில் மன்னிக்கச் சொல்லி அவளை எவரும் வற்புறுத்தவில்லை. உடனிருந்த திருவடியோ தண்டிக்கவே துடித்தார். பட்டவள் அவள், சொல்லும் அவளுடையது.

நம் குடும்பங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. இளமையில் மனைவியை அடித்து, பொருளைக் குடித்து அழித்து, அறுபது வயதில் திருமண்காப்பு தரித்து, கோஷ்டியில் முன்வரிசையில் நின்று ஸேவிக்கும் ஒருவரை ஊர் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், திரும்பிவந்த ஆத்மா அது, எம்பெருமான் உகக்கும் பேறு அது. ஆனால் அதே ஊர் அந்த அம்மாளிடம் சென்று, 'அவர்தான் இப்போது எப்படி மாறிவிட்டார், இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பழையதை மறந்துவிடுங்கள்' என்று சொல்கிறதே, அதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அடி அவள் உடம்பில் விழுந்தது. எம்பெருமானே அம்பரீஷன் வாசலுக்குத்தான் அனுப்பினான். நாம் அம்பரீஷனுக்கு உத்தரவு போடப் புறப்படுகிறோம். அவர் உண்மையாகவே மாறியிருந்தால், அவளிடம் மன்னிப்பைப் பெற்றுத் தாருங்கள் என்று கோஷ்டியாரைத் தூதனுப்பமாட்டார். அம்மாள் தராவிட்டால் அதையும் பொறுத்துக்கொள்வார்.

இங்கேதான் தொடரின் குறையும் இருக்கிறது. முதற்பருவத்தில் கிரஹாம் என்றொரு வேடன். அவன் இதயத்தைப் பறித்து வைத்துக்கொண்டு ரெஜீனா அவனைப் பல்லாண்டு அடிமையாக்கி வைத்திருந்தாள். அவன் விடுபடத் தொடங்கிய நாளில் அந்த இதயத்தைக் கசக்கிக் கொன்றாள். பின்வந்த பருவங்களில் அவனுக்கு அவள் போதிய விடை சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை. எரிந்த ஊர்களில் இறந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. ஸ்னோ ஒயிட் தன் பங்கை மன்னிக்கலாம். கிரஹாமின் பங்கை அவள் எப்படி மன்னிப்பாள்?

மன்னிக்கவேண்டியவர் உயிரோடு இல்லாதபோது பாவிக்கு வழி என்ன? நம் தரிசனத்தில் வழி அடைபட்டதில்லை, சரணாகதி உண்டு. எம்பெருமான் குற்றங்களைக் கணக்கிடுவதில்லை. ஸஹஸ்ரநாமத்தில் 'அவிஜ்ஞாதா' என்னும் திருநாமத்துக்கு, அடியார் குற்றங்களை அறியாதவன் என்று பட்டர் பொருள் அருளினார். முற்றும் அறிந்தவனுக்கு அறியாதவன் என்று ஒரு திருநாமம்! ஆனால் அறியாமை அவனுடைய குணம். அதை நாம் நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அவன் மறந்தான் என்று நானும் மறந்துவிட்டேன் என்றால், இறந்தவர்களை நினைக்க ஒருவரும் இல்லாமற் போகிறது. திருமங்கையாழ்வார் ஒன்பதாம் திருமொழியில் செய்வதை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம். எம்பெருமான் நீக்கிவிட்ட கணக்கை அவர் நீக்கிக்கொள்ளவில்லை. தம்மால் காரணமின்றி இறந்த உயிர்களுக்குச் சொல்ல வாயில்லை. ஆகவே அவரே சொல்கிறார். இனிய சொல் பெறாமல் திரும்பிய இரவலர் இன்று எங்கே இருக்கிறாரோ. திருவேங்கடத்தான் திருமுன்பே அவரைப்பற்றி ஒரு சொல் ஆழ்வார் வாயிலிருந்து வருகிறது. இது அவநம்பிக்கையின் புலம்பல் அன்று. அதே பாசுரங்களில் அடைந்துவிட்டேன், ஆட்கொள் என்னும் உறுதியும் உடன் நிற்கிறது. காகாசுரனுக்கும் உயிர் கிடைத்தது. ஒரு கண் போனது போனதுதான்.

ரெஜீனாவின் முடிவு வேறு. 2016இல் ஐந்தாம் பருவத்தில் ராபின் அவளைக் காக்கப் புகுந்து மாள்கிறான். காதல் திரும்பக் கிடைத்தது, நிலைக்கவில்லை. துயரம் தாங்காமல் தன்னுள் இருக்கும் தீய அரசியைப் பிரித்து வெளியே எடுத்து அழித்துவிடப் பார்க்கிறாள். அழியவில்லை, அவள் தனியுருக் கொண்டு வந்து நின்று ஆறாம் பருவத்தில் ஆட்டிவைக்கிறாள். கடைசியில் ரெஜீனா தன் அன்பில் ஒரு பங்கைத் தீயவளுக்குக் கொடுத்து, தீயவளின் இருளில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறாள். தன் பாவத்தை வேறொருத்தி செய்ததாக ஆக்கிவிட முடியாது என்பதைத் தொடர் அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தது. அப்படியிருந்தும் 2018 மே மாதம் இறுதிப் பகுதியில் எல்லா நாடுகளும் ஒன்றுகூடி அவளுக்கு முடிசூட்டி, 'நல்ல அரசி' என்று பட்டம் கொடுக்கின்றன. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள்; நமக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. பழைய பெயரைப் புதிய பெயரால் மூடிவிடும் அவசரம் அதில் தெரிந்தது.

திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி நடக்கிறது. திருவாலித் திருநகரியிலும் பங்குனியில் நடக்கிறது. ஆழ்வாருடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களைத் திவ்யப்பிரபந்தத்தில் வைத்து ஓதும் ஸம்பிரதாயம், அவர் வழிமறித்த இரவையும் விட்டுவிடாமல் ஆண்டுதோறும் ஊரறிய நடத்திக்காட்டுகிறது. தீவட்டி வெளிச்சத்தில் ஆடல்மா என்னும் குதிரைமேல் அவர் கள்வராகவே வருகிறார். பெரியோரும் குழந்தைகளும் பின்னே ஓடுகிறார்கள். மற்ற நாள்களில் ஸந்நிதியில் ஸேவிக்கும்போதும் பாருங்கள். அவர் திருக்கையில் இருந்த வேலை எவரும் வாங்கி வைத்துவிடவில்லை.